தோண்டக் கூடாத இடங்கள்

முதல் நாள்: ட்ரெப்லிங்கா

அப்பா போலந்துக்கு, வார்சாவில் இருக்கும் என்னிடம் வந்து பதினொரு நாள் ஆகிறது. அரண்மனை, பழைய நகரம், ஷோபான் சிலை இருக்கும் பூங்கா எல்லாம் முடிந்தது. முந்தாநாள் சாப்பிடும்போது, "காட்டுக்குள்ள போர் போட்டு மண்ணை எடுத்துப் பார்த்தாங்கன்னு ஒரு தடவை போன்ல சொன்னியே, அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். நான் எப்போது சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை. அவர் மறக்கவில்லை.

அப்பா பொதுப்பணித்துறையில் 31 வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் மண் பரிசோதனை. பாலமோ தடுப்பணையோ, கட்டுவதற்கு முன்னால் போய்த் துளை போட்டு, எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, எங்கே பாறை என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. இன்னமும் அரண்மனைக்குப் போனாலும் முதலில் அஸ்திவாரத்தைத்தான் பார்ப்பார்.

நான்கு நாள் லீவு போட்டு, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். நாஜிக்களின் முகாம் என்றால் எல்லோரும் ஆஷ்விட்ஸ் போவார்கள். அங்கே கட்டடங்கள் நிற்கின்றன, பார்க்க ஏதாவது இருக்கிறது. நாங்கள் போவது ட்ரெப்லிங்கா, பெவ்ஜெட்ஸ், சொபிபூர். கொல்வதற்கென்றே கட்டப்பட்ட மூன்று முகாம்கள். 1942, 43 என்ற இரண்டே ஆண்டுகளில் இந்த மூன்றிலும் சேர்த்து 15 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றார்கள். அப்புறம் கொன்றவர்களே எல்லாவற்றையும் இடித்து, நிரவி, மரம் நட்டுவிட்டுப் போனார்கள்.

வார்சாவிலிருந்து ட்ரெப்லிங்கா சுமார் 100 கிலோமீட்டர். மவ்கினியா தாண்டியதும் இரண்டு பக்கமும் பைன் மரம்தான். வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் தண்டவாளம் இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். தண்டவாளம் கிடையாது, கட்டை மட்டும். அதைத் தாண்டினால் பெரிய வெளி. 1964-ல் அமைத்த நினைவிடம்: சுமார் 17,000 கற்கள், கூர்கூராக, ஒன்று போல் ஒன்று இல்லாமல் நட்டிருக்கிறார்கள். சிலவற்றில் ஊர்ப் பெயர்கள், மக்களை ரயிலில் ஏற்றி வந்த ஊர்கள். தனி மனிதரின் பெயர் ஒரே ஒரு கல்லில்தான்: யானுஷ் கோர்ச்சாக், தன் அநாதை இல்லக் குழந்தைகளை விட்டுப் பிரிய மறுத்து அவர்களோடேயே வந்தவர்.

அப்பா கற்களைப் பார்க்கவில்லை. குனிந்து பாதையோரம் ஒரு சிட்டிகை மண் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "வெறும் மணல்மா. இதுல பள்ளம் எடுத்தா கரை நிக்காது, சரிஞ்சுகிட்டே இருக்கும்." உடனே கையைத் தட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எடுத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியிருக்க வேண்டும். கையில் இருந்ததைக் கவனமாக எடுத்த இடத்திலேயே போட்டார்.

1943 ஆகஸ்ட் 2-ல் இங்கே கைதிகள் கிளர்ந்து எழுந்தார்கள். அதன் பிறகு முகாமைக் கலைத்தார்கள். எரித்த சாம்பலைப் புதைத்த நிலத்தை உழுது லூபின் செடி விதைத்தார்கள். இடித்த கட்டடங்களின் செங்கல்லில் ஒரு பண்ணை வீடு கட்டி, முகாம் காவலாளி ஒருவனையே விவசாயியாகக் குடி வைத்தார்கள். போர் முடிந்ததும் அக்கம்பக்கத்தவர்கள் தங்கப் பல் கிடைக்கும் என்று மண்வெட்டியோடு வந்து தோண்டினார்கள். இப்படி இரண்டு முறை புரட்டிய நிலம். அப்புறம், "அங்கே புதைகுழியே இல்லை, எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியது.

2010-ல் கரோலின் ஸ்டர்டி கோல்ஸ் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் இங்கே வேலையைத் தொடங்கினார். யூத சமயச் சட்டப்படி இறந்தவர்களின் உறக்கத்தைக் கலைக்கக் கூடாது, அதனால் குழிகளில் கை வைக்காமல் பார்க்க வேண்டும். விமானத்திலிருந்து லேசர் அளவீடு, தரையை ஊடுருவும் ரேடார், மண்ணில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்ற சோதனை. குழிகள் தெரிந்தன. அதில் ஒன்று 26 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம், குறைந்தது 4 மீட்டர் ஆழம்.

நான் இதைச் சொன்னதும் அப்பா, "தெரியாம எப்படி இருக்கும்? ஒரு தடவை வெட்டின மண்ணு பழைய நிலைக்கு வரவே வராது. நூறு வருஷம் ஆனாலும் வராது. எவ்வளவு கெட்டிச்சாலும் நமக்குத் தெரிஞ்சுடும்" என்றார். இதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், ஒப்பந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போல.

2013-ல் குழிகள் இல்லாத இடங்களில் கொஞ்சமாகத் தோண்டினார்கள். விஷவாயு அறையின் தரை ஓடுகள் கிடைத்தன. ஓட்டின் பின்புறம் ஆறு முனை நட்சத்திரம். யூதர்களை ஏமாற்ற வைத்த தாவீதின் நட்சத்திரம் என்று முதலில் பரபரப்பாகச் சொன்னார்கள். பார்த்தால் அது போலந்தின் ஜெவுல்ஸ்கி-லாங்கே ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரை. எனக்கு இந்தத் திருத்தம் பிடித்திருக்கிறது. ஓடு கிடைத்தது உண்மை, அது விஷவாயு அறையின் ஓடு என்பதும் உண்மை. அதற்கு மேல் நாம் ஏற்றிய கதைதான் நிற்கவில்லை.

மதியம் காரில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடிவிட்டார்.

இரண்டாம் நாள்: லுப்ளின்

நாள் முழுக்க மழை. வார்சாவிலிருந்து லுப்ளின் வந்து, மதியத்துக்கு மேல் மைடானெக் முகாம். ஊருக்குள்ளேயே இருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் துணி காய்கிறது. 1944 ஜூலையில் சோவியத் படை வேகமாக வந்துவிட்டதால் இதை முழுதாக அழிக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் நிற்கிறது: மரக் கொட்டகைகள், விஷவாயு அறை, உலை. ஒரு பெரிய குவிமாடத்தின் கீழ் மலையாகச் சாம்பல். இதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, எழுதியவர்கள் நிறைய. ஒன்று மட்டும். 1943 நவம்பர் 3-ஆம் தேதி, ஒரே நாளில், இங்கே 18,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'அறுவடைத் திருவிழா'.

ராத்திரி விடுதி அறையில் அப்பாவுக்கு ஒரு தந்தியின் படத்தை லேப்டாப்பில் காட்டினேன். எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் அதிகாரி ஹோஃப்லே 1943 ஜனவரி 11 அன்று இதே லுப்ளினிலிருந்து அனுப்பியது. பிரிட்டிஷ்காரர்கள் இடைமறித்து, சங்கேதத்தை உடைத்து, என்னவென்று புரியாமல் கோப்பில் போட்டுவிட்டார்கள். 2000-ல்தான் லண்டன் ஆவணக் காப்பகத்தில் ஒருவர் கண்ணில் பட்டது. நான்கு எழுத்துகள், பக்கத்தில் எண்கள். எல் 24,733. பி 4,34,508. எஸ் 1,01,370. டி 71,355. அதாவது லுப்ளின் (மைடானெக்தான்), பெவ்ஜெட்ஸ், சொபிபூர், ட்ரெப்லிங்கா. 1942 முடிய "வந்து சேர்ந்தவர்கள்". மொத்தம் 12,74,166.

அப்பா பேப்பரில் கூட்டிப் பார்த்தார். அவர் பழக்கம் அது, யார் கொடுத்த கணக்கையும் கூட்டிப் பார்க்காமல் விட மாட்டார். மொத்தத்தோடு ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் உதைத்தது. அப்புறம் நான் சொன்னேன், டி 7,13,555 என்று இருக்க வேண்டும், தந்தியில் ஒரு இலக்கம் விட்டுப் போயிருக்கிறது, மொத்தத்தை வைத்துத்தான் திருத்துகிறார்கள் என்று. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆறு லட்சம் பேர், ஒரு டைப்பிங் மிஸ்டேக்" என்றார்.

மூன்றாம் நாள்: பெவ்ஜெட்ஸ்

லுப்ளினிலிருந்து ஸமோஷ்ச் வழியாகத் தெற்கே இரண்டு மணி நேரத்துக்கும் மேல். உக்ரைன் எல்லை பக்கம். பெவ்ஜெட்ஸ் ஒரு சின்ன ஊர். ரயில் பாதை, பக்கத்தில் ஒரு சரிவு, அவ்வளவுதான் முகாமின் அளவு. நம்ப முடியாத அளவுக்குச் சின்ன இடம். நேற்று பார்த்த 'பி', நான்கு லட்சத்து முப்பத்துநாலாயிரம், இந்தச் சரிவுதான். மார்ச் முதல் டிசம்பர் வரை, ஒன்பது மாதம்.

சரிவு முழுவதையும் உலைக்கசடால் மூடியிருக்கிறார்கள். கறுப்பும் சாம்பலுமாக, எரிந்து அணைந்த நிலம் போல. புதைகுழிகள் இருக்கும் இடங்களில் நிறம் இன்னும் கறுப்பு. 2004-ல் திறந்த நினைவிடம் இது. சரிவின் நடுவே நேராக ஒரு பாதை, இறங்க இறங்க இரண்டு பக்கச் சுவரும் தலைக்கு மேல் உயர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் ஒரு கல் சுவர். எதிரே முதற்பெயர்கள் மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் இல்லை. வந்தவர்களின் பட்டியல் என்று ஒன்று இங்கே எழுதப்படவே இல்லை என்பதால், ராகேல், மோஷே, எஸ்தர் என்று.

மண்ணில் துளை போட்ட இடம் என்று அப்பா கேட்டது இதைத்தான். 1997 முதல் 1999 வரை, ஆந்த்ஷெய் கோலா என்ற பேராசிரியரின் குழு நிலம் முழுவதையும் ஐந்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையிலும் ஆகர் என்ற, கையால் திருகும் துளைக்கருவியை இறக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துளைகள். 33 புதைகுழிகளைக் குறித்தார்கள். மேலே மணல், அதன் கீழ் சாம்பலும் கரியும், சில இடங்களில் அடியில் எரியாத உடல்கள்.

"அஞ்சு மீட்டர் கட்டமா?" என்று அப்பா திரும்பக் கேட்டார். "நாங்க பாலத்துக்கே அவ்வளவு நெருக்கமாப் போட மாட்டோம்." கொஞ்ச நேரம் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது, மனசுக்குள் கயிறு பிடித்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு துளையிலிருந்து ஆகரை வெளியே எடுக்கும்போது என்ன ஆகும் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். திருகின் பள்ளங்களில் மண் ஒட்டிக்கொண்டு வரும், மேலிருந்து கீழாக எந்த ஆழத்தில் எந்த மண் என்று அப்படியே படிக்கலாம், கையால் தொட்டு, பிசைந்து, சில சமயம் முகர்ந்துகூடப் பார்ப்போம் என்று சொல்லி வந்தவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

இந்தத் துளைகளுக்கு எதிர்ப்பு வந்தது. உடல்கள் மேலேயே ஆகரை இறக்கிவிட்டீர்களே என்று யூத மதகுருக்களான ரபிகள் கேட்டார்கள். பாதைக்காகச் சரிவை வெட்டியதற்கும் எதிர்ப்பு. வேலை செய்தவர்கள் தரப்பில், எங்கே குழி இருக்கிறது என்று தெரியாததால்தான் ஐம்பது வருடமாக ஜனங்கள் அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது பதில். நான் இதில் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது: "போட்டுத்தான் ஆகணும். ஆனா ரெண்டாவது தடவை போடக் கூடாது."

அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் முன்னால் நின்றுவிட்டேன். கான்கிரீட்டில் வார்த்த சின்ன வட்டுகள், மேலே எண்கள். துணிகளைக் கழற்றிக் கொடுக்கும்போது, குளித்துவிட்டு வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வைக்கக் கொடுத்த டோக்கன். கோயில் வாசலில் செருப்பு விட்டால் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

இங்கிருந்து தப்பி, போருக்குப் பிறகு சாட்சி சொன்னவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் ருடால்ஃப் ரேடர். இன்னொருவர் ஹயிம் ஹிர்ஷ்மன். பெவ்ஜெட்ஸில் வேலைக்காக மிச்சம் வைத்த கடைசிக் கைதிகளை 1943-ல் ரயிலில் ஏற்றிச் சொபிபூருக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அந்த ரயிலிலிருந்து குதித்தவர் ஹிர்ஷ்மன். 1946 மார்ச் 19-ல் லுப்ளினில் வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கினார். மீதியை இன்னொரு நாள் சொல்வதாக வீட்டுக்குப் போனார். அன்றைக்கே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். போர் முடிந்து பத்து மாதம் ஆகியிருந்தது. விட்ட இடத்திலிருந்து அவர் மனைவி வந்து சொன்னார்.

நாளைக்கு அந்த ரயில் போன இடம்.

நான்காம் நாள்: சொபிபூர்

பெயரை எழுதுவது சொபிபோர், வாசிப்பது சொபிபூர். அப்பாவுக்கு அது ஏதோ வடக்கத்தி ஊர்ப் பெயர் மாதிரியே கேட்கிறதாம். காலையில் ஹெவ்ம் வழியாகக் கிளம்பினோம். வழிகாட்டிச் செயலி சமத்தாகச் சொபிபூர் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. நான்கு வீடு, ஒரு நாய். வேலிக்குப் பின்னால் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் என் அரைகுறைப் போலிஷில் கேட்பதற்குள், அவரே சலிப்போடு கையை நீட்டிக் காட்டினார். தினமும் யாராவது வருவார்கள் போல. முகாம் இருந்தது கிராமத்தில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருக்கும் சொபிபூர் ரயில் நிலையத்தின் பக்கத்தில். பூக் ஆறு கிட்டத்தில்தான் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் உக்ரைன்.

1943 அக்டோபர் 14-ல் இங்கே நடந்த கிளர்ச்சியைத் தலைமை தாங்கியவர்கள் லேயோன் ஃபெல்ட்ஹெண்ட்லர், சோவியத் செம்படை அதிகாரி அலெக்ஸாண்டர் பெச்சர்ஸ்கி. எஸ்எஸ்காரர்களைத் தையல் கடைக்கும் செருப்புக் கடைக்கும் ஒவ்வொருவராக, "உங்க கோட்டு ரெடி, போட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டு, கோடாலியால் முடித்தார்கள். சுமார் 600 கைதிகளில் 300 பேர் காட்டை எட்டினார்கள். போர் முடியும்போது உயிரோடிருந்தவர்கள் 50 பேர் அளவில். அதற்குள் இங்கே கொல்லப்பட்டிருந்தவர்கள் 1,70,000-க்குக் குறையாது. கிளர்ச்சிக்குப் பிறகு முகாமை இடித்து மரம் நட்டார்கள். நேற்று முன்தினம் சொன்ன 'அறுவடைத் திருவிழா', இந்தக் கிளர்ச்சி நடந்து மூன்றே வாரத்தில்.

2007 முதல் இங்கே தோண்டியவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த யோராம் ஹைமியும் போலந்தின் வொய்ச்செக் மசுரெக்கும். பின்னால் டச்சுக்காரரான ஈவார் ஷுட்டெயும் சேர்ந்தார். ஹைமியின் மாமாமார் இரண்டு பேர் இங்கே கொல்லப்பட்டவர்கள். குடும்பத்துக்காக ஒரு தடவை வந்து பார்த்தவர், நினைவிடத்தைத் தவிர ஒன்றும் இல்லையே என்று திரும்ப வந்து தோண்ட ஆரம்பித்தார்.

மணலில் நட்ட மரக்கம்பம் மக்கிப் போனாலும் இருந்த இடம் கறுப்பு வட்டமாகத் தங்கிவிடும். அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வேலி போன தடத்தைக் கண்டுபிடித்தார்கள். மக்களை நிர்வாணமாக ஓட்டிய பாதைக்கு இரு பக்கமும் இருந்த வேலி. முகாமில் அதற்கு 'சொர்க்கத்துக்குப் போகும் சாலை' என்று பெயர். வட்டங்களைத் தொடர்ந்து போனால் பாதை எங்கே முடிகிறதோ அங்கே விஷவாயு அறை இருக்க வேண்டும். ஆனால் அது போய் நின்ற இடம் 1960-களில் போட்ட நினைவிடத்தின் தார்த் தரை. 2014 செப்டம்பரில் தாரைப் பெயர்த்தார்கள். அடியில் செங்கல் அஸ்திவாரம், எட்டு அறைகளின் சுவடு. ஐம்பது வருடமாக மலர்வளையம் வைக்க வந்தவர்கள் அதன் மேல்தான் நின்றிருக்கிறார்கள்.

அருகில் ஒரு கல்யாண மோதிரமும் கிடைத்தது, உள்ளே ஹீப்ருவில் "நீ எனக்கு உரியவளாக்கப்பட்டாய்".

2020-ல் திறந்த அருங்காட்சியகம் மரத்தோடு மரமாகத் தாழ்வாக நிற்கிறது. உள்ளே நீளமான ஒரு கண்ணாடிப் பேழை. மண்ணில் கிடைத்த பொருள்கள்: சீப்பு, கரண்டி, கத்தரிக்கோல், கண்ணாடி ஃபிரேம், மருந்துக் குப்பி. அப்புறம் சாவிகள். துருப்பிடித்தவை, சின்னவை, பெரியவை. வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இங்கே கிடைத்ததில் குழந்தைகளின் பெயர் வில்லைகள் உண்டு. நெதர்லாந்திலிருந்து மட்டும் 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்களில் 34,000 பேருக்கு மேல் இங்கே வந்தார்கள். குழந்தை கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று பெற்றவர்கள் உலோகத் துண்டில் பெயர், பிறந்த நாள், ஊர் எல்லாம் பொறித்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் லேயா யூதித் தே லா பென்யா, ஆம்ஸ்டர்டாம். ஆறு வயது.

2016-ல் கிடைத்த இன்னொன்று ஒரு பதக்கம். பெண்களின் தலைமுடியை வெட்டிய கூடம் இருந்த இடத்தில், தரைப் பலகை இடுக்கு வழியாக விழுந்தது. "மஸல் டோவ்", அதாவது வாழ்த்துகள், அப்புறம் 3.7.1929, ஃப்ராங்க்ஃபர்ட். அந்த நாளில் அந்த ஊரில் பிறந்த கரோலின் கோன் என்ற பெண்ணுடையது என்று பதிவேடுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அவளை 1941 நவம்பரில் மின்ஸ்க் நகருக்கு அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது. பதக்கம் இங்கே வந்தது நிச்சயம். அவள் வந்தாளா, மின்ஸ்கிலேயே முடிந்து வேறு யார் கழுத்திலாவது வந்ததா என்பதை மண் சொல்லவில்லை.

வெளியே வந்து காட்டுப் பாதையில் நடந்தோம். ஓரத்தில் பெயர் பொறித்த கற்கள். கடைசியில் மரங்கள் விலகி, வெள்ளைக் கற்கள் பரப்பிய பெரிய வெளி. புதைகுழிகளின் மேல் துணி விரித்து, அதன் மேல் உடைத்த வெள்ளைக் கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். மேலே நடக்க முடியாது. அப்பா விளிம்பில் நின்று, செருப்பு நுனி கல்லில் படாமல் ஒரு அடி பின்னால் வந்தார்.

"இவ்வளவு வருஷம் தோண்டினது இதுக்குத்தானா?"

"எதுக்குப்பா?"

"எங்கே தோண்டக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க."

பைன் ஊசிகள் விழுந்து வெள்ளைக் கல்லின் மேல் பழுப்பாகக் கிடந்தன. தூரத்தில் மரம் அறுக்கும் சத்தம்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

எழுத ஒன்றும் இல்லை. வுவோதாவாவில் தங்கி, காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். காடு முடியும் இடத்தில், சாலையோரம் ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்டிக் வாளியில் காளான் விற்றுக்கொண்டிருந்தார். இந்தப் பருவத்தில் போலந்து முழுக்க இப்படித்தான், விடிகாலையில் காட்டுக்குள் போய்ப் பறித்து வந்து விற்பார்கள். நல்ல பழுப்புத் தொப்பி, பெரிது பெரிதாக. நான் வேகத்தைக் குறைத்தேன். ராத்திரி மிளகு போட்டு வறுக்கலாம்.

"வேண்டாம்மா" என்றார் அப்பா. "போ."

போனேன். இருபது கிலோமீட்டர் பேசவே இல்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்த ஆளு என்ன பண்ணுவான் பாவம். ஒரு கிலோ வாங்கியிருக்கலாம்" என்றார்.